அக்காவுக்கு ஊர் காட்டிய நாள்

பேருந்திலிருந்து அக்கா இறங்கியதும் அவன் செய்த முதல் காரியம், கையிலிருந்த மஞ்சள் குடையை விரிக்காமலே தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்ததுதான். கூட்டத்தில் விருந்தினர்கள் தன்னைத் தவறவிடக் கூடாது என்று தினமும் செய்கிற வேலை. கை தானாகப் போய்விட்டது. அக்கா குடையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"உன்னை எனக்கு அடையாளம் தெரியாதாடா?" என்றாள்.

அவன் சிரித்து மழுப்பினான். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "வாக்கா, வா, நேரமில்ல, நெறைய எடம் இருக்கு" என்று முன்னால் நடந்தான். முகம் கூடக் கழுவாமல் அவள் பின்னால் வந்தாள்.

ஊர் சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு, எதைப் பார்க்க வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும், எந்தக் கடையில் ஏமாறாமல் வாங்கலாம் என்று பொழுது சாயும்வரை சொல்லிக்கொண்டே போக வேண்டும். அலுவலகத்தில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர் வேன் ஓட்டுநர். "காதைப் பொத்திக்கிட்டு வண்டி ஓட்ட முடியாதே, அதான் என் கஷ்டம்" என்பார். ரேடியோவுக்கு இந்தப் பெயரில் வருத்தம் ஒன்றுமில்லை, உள்ளூரப் பெருமைதான். வெறும் சுவரைக் காட்டிப் பேசச் சொன்னாலும் பேசுவான். கேட்டவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

முந்தின நாள் மத்தியானம் அக்கா போன் செய்திருந்தாள். "நாளைக்கு அங்க வர்றேன். ஒரு விஷயம் பேசணும். போன்ல வேண்டாம், நேர்ல பேசிக்கலாம்." அவ்வளவுதான். என்ன விஷயம் என்று அவன் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து அவரைத் தூக்குவதும் துடைப்பதும் ஊட்டுவதும் அக்காதான். பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள். தையல் மெஷினுக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் நடுவிலேயே அவள் உலகம் சுருங்கிப்போயிருந்தது. அவளுக்குக் கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்பது தனிக் கதை. அந்தக் கதையிலும் அப்பா வருவார், தம்பியின் படிப்பும் வரும். அப்பா லாரி ஓட்டினவர், ஆள் கதவு மாதிரி இருப்பார். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். அங்கே இருப்பது அக்கா ஒருத்திதான்.

அப்பாவைக் கொஞ்ச நாள் நீ வைத்துக்கொள் என்று கேட்கத்தான் வருகிறாள். இது தெரிந்ததும் ரேடியோ சாக்குத் தேடத் தொடங்கினான். முதலில் மனைவியின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று பார்த்தான். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள், அவளிடம் போய் இன்னொரு நோயாளியை எப்படி ஒப்படைப்பது என்று மனதுக்குள் வசனம் கூடத் தயாராகிவிட்டது. ஆனால் காலையில் தலை வாரிக்கொண்டே அவள் சொல்லிவிட்டாள்: "அக்கா கேட்டா சரின்னு சொல்லிடுங்க. கூடத்துல ஒரு கட்டில் போட்டா ஆச்சு. பாத்துக்கலாம்." ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தையும் இப்படி அவள் திறந்து போட்டுவிட்டாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்று சட்டைப் பொத்தானை மாட்டியபடி வெளியே வந்துவிட்டான்.

அவனுக்கு அப்பாவைப் பார்க்கப் பயம். அடிப்பார் என்ற பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது. இது வேறு. போன தடவை போயிருந்தபோது அக்கா நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அப்பா படுக்கையிலேயே மலம் கழித்துவிட்டார். நாற்றம் வந்ததும் ரேடியோ எழுந்து வாசல்படிக்குப் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றான். அக்கா சீக்கிரம் வரவேண்டுமே என்று மட்டும்தான் நினைத்தான். ஒருமுறை திரும்பினபோது அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணி, பேச்சு போய், கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை. போனில் மட்டும் அக்காவிடம் கலகலவென்று பேசுவான்.

ஆகவே இந்த ஒரு நாளை அவன் தொழில்முறையில் கையாண்டான். ஆட்களை உட்கார வைத்தால் கேள்வி கேட்பார்கள். இது அவன் தொழிலின் பாலபாடம். நடந்துகொண்டே இருக்கிறவர்கள் கேட்க மாட்டார்கள். மூச்சு வாங்குகிறவர்கள் நிச்சயமாகக் கேட்க மாட்டார்கள். வேன் நேரத்துக்கு வரவில்லை, மதிய உணவுக்கு இடம் கிடைக்கவில்லை என்கிற நாட்களில் இதை வைத்துத்தான் அவன் எத்தனையோ பேரைச் சமாளித்திருக்கிறான். அக்காவும் ஒரு நாள் விருந்தினர்தானே, சாயங்காலப் பேருந்தில் ஏற்றிவிட்டால் முடிந்தது.

முதலில் மொத்த விற்பனைச் சந்தை. லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்க, ஏலம் விடுகிறவர்கள் தொண்டை கிழியக் கத்த, பக்கத்தில் இருப்பவர் காதில் வாய் வைத்துப் பேசினாலும் கேட்காது. ரேடியோ மட்டும் அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறிப் பேசினான். எந்த மாம்பழம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ஏலக்காரர் விரலை மடக்கினால் என்ன அர்த்தம், மீன் புதியதா என்று செவுளைத் தூக்கி எப்படிப் பார்ப்பது. வழக்கமாக விருந்தினர்களின் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து பேசுவான். எதிலும் இடித்துக்கொள்ளாமல் அப்படி நடப்பது இந்தத் தொழிலின் வித்தை. அன்று முன்பக்கம் பார்த்தே நடந்தான். பழம் நறுக்கி விற்கிற பெண்மணி ஒரு துண்டை நீட்ட, அக்கா வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி, சாறு முழங்கை வரை வழிய, சின்னப் பெண் மாதிரி சாப்பிட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "இது நல்லா கனிஞ்சிருக்கு. அப்பா மெல்ல வேண்டாம், வாயில வெச்சா கரைஞ்சிடும்" என்றாள்.

"அங்க பார்க்கா, அந்தத் தராசு, அது ரொம்பப் பழசு" என்றான் ரேடியோ.

அடுத்தது அருங்காட்சியகம். அங்கே எங்கு பார்த்தாலும் அமைதி காக்கவும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மூலைக்கு ஒரு காவலாளி உட்கார்ந்து, மீறினால் 'உஷ்' என்பார். சந்தையில் பேச முடியாதபடி சத்தம், இங்கே பேசக் கூடாதபடி நிசப்தம். இதை யோசித்து வைத்ததற்காகத் தன்னையே மெச்சிக்கொண்டான், மெச்சின கையோடு கூசிப்போனான். நடுக் கூடத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு கம்பிகளில் தொங்குகிறது. அக்கா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் நகரவில்லை. அவள் கைப்பைக்குள் போன் அதிர்ந்தபோது ஒரே தாவலில் வெளியே ஓடினாள். திரும்பி வந்ததும் ரேடியோ கேட்காமலே ரகசியக் குரலில் சொன்னாள்: "பக்கத்து வீட்டம்மாதான். கஞ்சி குடிச்சிட்டாராம்."

காவலாளி உஷ் என்றார். அதற்குமேல் அவள் பேசவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அவன் கூட்டிப் போன கடையில் தனி மேசை என்பது கிடையாது. நீள பெஞ்சில் தெரியாதவர்களோடு தோள் உரச உட்கார வேண்டும். ஒருவர் எழுவதற்குள் அடுத்தவர் பின்னால் வந்து முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வறுத்த மீன் நன்றாக இருக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் குடும்ப விஷயத்தை மூன்றாம் மனிதர் காதில் விழும்படி அக்கா பேச மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே கூட்டிப் போனான். அக்கா முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். சுத்தமான சதையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே வந்தாள். அவளுக்கே உறைத்ததும் நிறுத்தினாள்.

"பழக்கம்டா. அவருக்கு எடுத்து வெக்கற மாதிரியே எடுத்து வெக்கறேன் பாரு" என்று சிரித்தாள். "எனக்குன்னு சாப்பிட்டே நாளாச்சு."

அவன் பாதிச் சோற்றோடு எழுந்துகொண்டான். கை கழுவுகிற இடத்தில் நின்றபோது மனைவியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா கேட்டாங்களா?"

"இன்னும் கேக்கல."

"நீங்க சொல்லிட்டீங்களா?"

"அவங்க கேக்கவே இல்லயே. கேட்டாத்தானே சொல்ல முடியும்?"

மறுமுனையில் யாரோ ஒரு மாத்திரையின் பெயரைக் கேட்டார்கள். அவள் எடுத்துக் கொடுக்கிற சத்தம் கேட்டது. "நல்லா இருக்குங்க உங்க நியாயம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு மர நிழலில் அக்காவை உட்கார வைத்து, சொல்லுக்கா என்று கேட்டிருக்கலாம். ஆனால் ரேடியோ அவளைக் கலங்கரை விளக்கத்துக்குக் கூட்டிப் போனான். உள்ளே சுவரைச் சுற்றிச் சுற்றிப் போகிற குறுகலான படிகள். வயதானவர்களை அவன் கீழேயே நிறுத்திவிடுவான்; இடுப்பு வலி இருக்கிறதா, முட்டி வலி இருக்கிறதா என்று கேட்டுத்தான் மற்றவர்களையும் ஏற்றுவான். அக்காவிடம் கேட்கவில்லை. அப்பாவைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பு போனது அவனுக்குத் தெரியாதா என்ன. காலையிலிருந்தே அவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றித்தான் நடந்தாள்.

"மேல போனா ஊரே தெரியும்க்கா. வந்துட்டு இதப் பாக்கலன்னா வந்ததே வீண்" என்றான். இது விருந்தினர்களிடம் சொல்கிற வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை.

அவன் முன்னால் ஏறினான். ஏறிக்கொண்டே, இந்த விளக்கு எப்படிச் சுழலும், பழைய காலத்தில் என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று கீழே பார்த்துப் பேசிக்கொண்டே போனான். கீழேயிருந்து கம்பியைப் பிடித்து அழுத்துகிற சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டும் வந்தன. நடுவில் ஒரு திருப்பத்தில் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, ஒரு நிமிஷம்டா. நான் உன்கிட்ட..." என்று தொடங்கினாள். மேலேயிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. வழிவிட அவள் எழுந்து சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியதாயிற்று. "இன்னும் கொஞ்சம்தான்க்கா, வா வா" என்று அவன் அடுத்த சுற்றுக்கு ஏறி மறைந்தான். மறைந்ததும் நின்றான். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். கூடப் பிறந்தவளை மூச்சிரைக்க வைத்து வாயை அடைக்கிறவன் எப்படிப்பட்ட ஆள் என்று தன்னைத்தானே கேட்டான். இருந்தும் அவள் காலடிச் சத்தம் நெருங்கியதும் மறுபடி ஏறத் தொடங்கினான். கால் நிற்கவில்லை.

மேலே காற்று அடித்த அடியில் ஒன்றும் பேச முடியவில்லை. அக்கா கடலைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றினால் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இறங்கி வந்தபிறகு அவளால் நடக்க முடியவில்லை. கடற்கரைச் சாலையோரம் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, "ஐஸ்கிரீம் வாங்கிட்டு வர்றேன்க்கா" என்று நழுவினான். கடையில் கூட்டமே இல்லை. இருந்தும் மெதுவாக வாங்கினான். இரண்டு கோன்களோடு திரும்பி வந்தபோது அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். பையை மடியில் இறுக்கிப் பிடித்து, வாய் லேசாகத் திறந்து. பிள்ளைகள் பந்தை எறிந்து கத்துகிறார்கள், பேருந்துகள் ஒலியெழுப்பிக்கொண்டு போகின்றன, எதுவும் அவளை எழுப்பவில்லை. அந்த முகத்தை அவன் காலையிலிருந்து இப்போதுதான் நேராகப் பார்க்கிறான். காது மடலுக்கு மேலே முழுக்க நரைத்துவிட்டிருந்தது. எழுப்ப மனமில்லாமல் ஐஸ்கிரீம் விரல்களில் உருகி வழிய நின்றான்.

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். சின்னச் செருமல்தான். அக்கா தூக்கி வாரிப்போட்டு எழுந்தாள். கண் இன்னும் திறக்கவில்லை, கால் கிளம்பிவிட்டது. "இதோ வந்துட்டேன்ப்பா" என்றாள்.

ஓரடி வைத்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. பெரியவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். அக்கா கூச்சத்தோடு சிரித்து, மறுபடி உட்கார்ந்தாள். தம்பி கையிலிருந்த கோனை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான். இனிமேல் அவனிடம் காட்டுவதற்கு இடம் எதுவும் மிச்சமில்லை.

"காலைல இருந்து ஒரு நிமிஷம் என்னை உக்கார விட்டியாடா நீ?"

அவன் தன் கோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பயப்படாத. அப்பாவ உன் தலைல கட்ட வரல." உருகுகிறதைச் சுற்றி நக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "ஒரு இல்லம் பாத்திருக்கேன். வயசானவங்கள பாத்துக்கற எடம். திங்கக்கிழமை கொண்டு வந்து விடச் சொல்லிட்டாங்க. என்னால தூக்க முடியலடா. போன வாரம் குளிப்பாட்டறப்ப கை நழுவி விட்டுட்டேன். ரெண்டு பேரும் ஈரத் தரையில கெடந்தோம். பக்கத்து வீட்டம்மா சத்தம் கேட்டு வர்ற வரைக்கும்."

ரேடியோவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை அவன் பிற்பாடு எவ்வளவு மறுத்துப் பார்த்தாலும் உண்மை அதுதான். கீழே விழுந்து கிடந்த அக்காவையும் அப்பாவையும் தாண்டிக்கொண்டு, அப்பாடா என்று நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அது இறங்கிய சுகத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. "இல்லம்னா இப்பல்லாம் ரொம்ப நல்லா இருக்குக்கா. காத்தோட்டமா இருக்கும். தோட்டம் வெச்சிருப்பாங்க. பேச்சுத் துணைக்கு ஆளுங்க இருப்பாங்க, நேரத்துக்குச் சூடா சாப்பாடு, சாயங்காலமானா வெளிய நாற்காலி போட்டு..." நிறுத்த முடியவில்லை. ஒரு சுற்றுலாத் தலத்தைக் காட்டுவது போலக் கையை நீட்டி, அங்கே இல்லாத தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா கடைசிவரை கேட்டாள்.

"நீ அந்த எடத்தப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"நான் பாத்தேன்." கோனின் அடிப்பகுதியைக் கடித்தாள். "சுத்தமாத்தான் இருக்கு. குறை சொல்லக் கூடாது. ஆனா யாரும் பேசலடா. வரிசையா கட்டில். நான் உள்ள போனப்ப எல்லாரும் ஒரே நேரத்துல கதவப் பாத்தாங்க. நான் அவங்க ஆள் இல்லன்னு தெரிஞ்சதும் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

கடற்கரையில் யாரோ ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அப்பாகிட்ட இன்னும் சொல்லல. அவர் பேச மாட்டாரே தவிர எல்லாம் புரியும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் உன்கிட்ட வந்தேன். உனக்குத்தான் பேச வரும்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நான் செய்யறது தப்பாடா?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவன் அவன். இதற்கு இரண்டே பதில்தான் இருந்தது. தப்பில்லை என்றால் அவன் தப்பித்தான். நான் வைத்துக்கொள்கிறேன் என்றால் அவள் தப்பித்தாள்.  வாசல்படியில் தான் முதுகைக் காட்டி நின்ற காட்சியும், அப்பாவின் அந்தக் கண்ணும்தான் முன்னால் வந்தன. அந்தக் கண்ணைத் தினமும் கூடத்தில் வைத்துக்கொண்டு எப்படி நடமாடுவது? "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றான்.

அக்கா தலையாட்டினாள். கோபம் கூட வரவில்லை அவளுக்கு. முந்தானையால் அவன் விரல்களில் ஒட்டியிருந்த ஐஸ்கிரீமைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

சாயங்காலப் பேருந்தில் கூட்டம் அதிகமில்லை. ஜன்னலோர இருக்கையில் அவளை உட்கார வைத்து, வழியில் வாங்கின மாம்பழப் பையை மேலே வைத்தான். கிளம்ப இன்னும் நேரமிருந்தது. ஒரு நிமிஷம் என்று பக்கத்தில் உட்கார்ந்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று பட்டது. எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதே அக்காவின் தலை மெல்லச் சாய்ந்து அவன் தோளில் விழுந்தது. தூங்கிவிட்டாள்.

நடத்துநர் படியில் நின்று, "ஏத்தி விட வந்தவங்க எறங்கிக்கங்க" என்றார். ரேடியோ அசைந்தான். அசைந்ததும் அவள் தலை நழுவியது. மறுபடி அப்படியே உட்கார்ந்தான். எழுப்பிச் சொல்லிவிட்டு இறங்கலாம். எழுப்புவது பாவமாக இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான், பெரிய தூரமில்லை, திரும்பி நடந்துவிடலாம். பேருந்து கிளம்பியது. அடுத்த நிறுத்தம் வந்தது, அங்கே ஏறுகிறவர்கள்தான் இருந்தார்கள், வழி அடைத்துக்கொண்டது. சரி, அதற்கடுத்தது. மனைவி போன் செய்தாள். சத்தத்துக்கு அக்கா விழித்துவிடுவாளோ என்று பதறிப் போனை அணைத்தான். அணைத்த பிறகு, எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தான். நல்லவன் ஆகிவிட்டதால் இல்லை. அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். எழுந்திருக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

நகரத்தின் கடைசி நிறுத்தம் வந்தது. இதற்குப் பிறகு நெடுஞ்சாலைதான், அப்பா இருக்கிற ஊர் வரை வண்டி எங்கேயும் நிற்காது. வேகம் குறைந்தபோது அக்காவின் தலை முன்னால் சரிய, அவன் உள்ளங்கையை அவள் கன்னத்துக்குக் கீழே கொடுத்துத் தாங்கினான். கன்னம் சூடாக இருந்தது. கதவு மடங்கித் திறந்தது. வெளியே ஒரு டீக்கடை விளக்கும், ஈரமான நடைபாதையும், சாலையைக் கடக்க நிற்கிற இரண்டு பேரும் தெரிந்தார்கள். யாரும் ஏறவில்லை.

"எறங்கறவங்க இருக்கீங்களா?" என்று நடத்துநர் கேட்டார்.

ஓட்டுநர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தபடி காத்திருந்தார். கதவு திறந்தே இருந்தது.